பையில்லாத சட்டை

இடது கட்டைவிரல் நகம் சட்டைப்பையின் மூலையை அழுத்தி மடித்தது. வலது ஆட்காட்டி விரல் அந்த மடிப்பின் மேல் ஒருமுறை ஓடி, சரிதானா என்று பார்த்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து துணியை ஊசிக்கு அடியில் நகர்த்திக் கொடுக்க, கீழே கால்கள் மிதிக்கத் தொடங்கின. பை தைப்பதில் மூலைதான் வேலை. நேராக ஓட்டுவதை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை மட்டும் திருப்பி, முன்னும் பின்னுமாக ஒரு கெட்டித் தையல் போடவேண்டும். அது இல்லாவிட்டால் பையில் கையை விட்டு எடுத்து எடுத்து, ஒரு மழைக்காலத்துக்குள் மூலை கிழிந்து தொங்கும்.

மலைக்குள் ரோந்து போகும் காவலர்களின் சட்டைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பைகள். விசில், கத்தி, தீப்பெட்டி, கட்டுப்போடும் துணி எல்லாம் அதற்குள் போகும். அந்தச் சட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவை தைத்து முடிந்து, இஸ்திரி போட்டு, மேசை ஓரம் அடுக்கப்பட்டிருந்தன. இப்போது கையில் இருப்பது கடைசிக் காவலர் சட்டை. இது முடிந்தால் பாக்கி ஒரே ஒரு சட்டைதான். அது வாசலில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டுக் கொடுக்கப் போகிறவளின் சட்டை.

அதற்குப் பையே கிடையாது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, உள்ளேயும் இல்லை.

துணியைக் கொடுத்தபோதே பூங்காவின் அதிகாரியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். “பணத்தைத் தொடுற கைக்குப் பக்கத்துல பாக்கெட் இருக்கக் கூடாதும்மா. தினமும் வேலை முடிஞ்சதும் சட்டையைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு மடிப்பு, ஒரு உள்பை இருந்தாலும் அன்னியோட வேலை போச்சு. பேச்சே கிடையாது.”

தைப்பவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வாயில் குண்டூசி இருந்தது. இல்லாவிட்டாலும் ஒன்றும் பேசியிருக்க மாட்டாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வாசலில் உட்கார ஆசைப்பட்டவள் அவள். உட்காரப் போகிறவள் அவளுடைய ஓரகத்தி.

அண்ணனை ஒருத்தியும் தம்பியை ஒருத்தியுமாகக் கட்டிக்கொண்ட பெண்கள். வீட்டுக்குள்ளும் தெருவிலும் மூத்தவள், இளையவள் என்றே பேர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இளையவள் சிரித்தால் இந்தப் பக்கம் மூத்தவளுக்கு நூல் அறும். இளையவள் சிரிக்காத நாள் கிடையாது. சோப்பு நுரை கண்ணில் பட்டாலும் சிரிப்பாள், பால் பொங்கி வழிந்தாலும் சிரிப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அதே ஆட்கள் மூத்தவளின் கடைக்கு வந்தால், “கால்சட்டை ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்பார்கள்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஜன்னலுக்கு நேரே தையல் இயந்திரம். நிமிர்ந்தால் மலை தெரியும். மலை முழுக்கத் தேசியப் பூங்கா. அதன் வாசல் தெருக்கோடியிலிருந்து நடந்து போகிற தூரம்.

வாரம் முழுக்க மிதித்த கால்களுக்கு மூத்தவள் தருகிற ஒரே கூலி அந்த மலை. கடை விடுமுறை நாளன்று யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகக் கிளம்புவாள். ஓடைக்கரையில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து காலை முழங்கால் வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொள்வாள். பேச்சில்லை, துணி இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கென்று அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதற்கு யாரும் அவளிடம் காசு கேட்டதில்லை.

இனிமேல் கேட்பார்கள். முன்பெல்லாம் பூங்காவின் செலவை அரசாங்கமே பார்த்துக்கொண்டது. வருஷா வருஷம் அந்தப் பணம் இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் கழிப்பறையைப் பூட்டினார்கள். பிறகு காவலர்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். கடைசியில் ஓடையின் மரப்பாலம் ஒரு வெள்ளத்தில் போனது, போனதுதான். திரும்பக் கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதன் பிறகுதான் நுழைவுக்கட்டணம் என்று அறிவிப்புப் பலகை வந்தது. உள்ளூர், வெளியூர் வித்தியாசமில்லை, எல்லாருக்கும் ஒரே கட்டணம். வாரத்தில் ஒரு நாள் இலவசம்.

இதைப் பற்றிப் பேசாத ஆள் தெருவில் இல்லை. அன்று மதியம் கால்சட்டை இடுப்பைத் தளர்த்தக் கொடுக்க வந்த பஸ் டிரைவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டார்.

“மலையை யாருங்க செஞ்சா? அவங்கப்பன் செஞ்சானா? வாசல்ல உக்காந்து வசூல் பண்றாங்களாம் வசூல்!”

மூத்தவளின் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். சாப்பிட வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தார். “மலையை யாரும் செய்யலப்பா. கக்கூஸை யாராவது செஞ்சாகணுமில்ல?”

“அதுக்குத்தானே வரி கட்டுறோம்?”

“படுத்த படுக்கையா கிடக்காரே எங்க பெரியப்பா, அவரும்தான் சோப்பு வாங்குறப்ப வரி கட்டுறாரு. அவர் கட்டின காசுல நீ போய் அருவியில குளிச்சிட்டு, பாட்டிலை வீசிட்டு வருவியா? போறவன் குடுக்கட்டும். அதுல என்ன தப்பு?”

“உங்களுக்கென்னண்ணே, பேசுவீங்க. வாசல்ல உக்காரப் போறது உங்க வீட்டு ஆளு. ஜம்முனு உள்ள போவீங்க.”

“அவளா? என் தம்பியையே நிறுத்திச் சீட்டு கேப்பா. விடுவாளா என்னை?” சொல்லிவிட்டு அவர் பெருமையாகச் சிரித்தார்.

அந்தப் பெருமைதான் மூத்தவளுக்குக் குத்தியது. ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். “காசு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?”

“அதான் ஒரு நாள் இலவசம்னு விட்டிருக்காங்களே.”

“அந்த நாள் எனக்குக் கடை. இந்த டிரைவருக்கு வண்டி. வேலை வெட்டி இல்லாதவங்களுக்குத்தான் அந்த இலவசம். வேலை செய்யிறவங்க, லீவு நாள்ல காசு குடுத்துட்டுப் போகணும். இது எந்த ஊர் நியாயம்?”

“சரியாச் சொன்னீங்க தையலக்கா!” என்று டிரைவர் தொடையில் தட்டினார்.

புருஷன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நீ அந்த நாற்காலியில உக்காந்திருந்தா இதையே சொல்லுவியா?”

டிரைவர் சட்டென்று எழுந்து, இடுப்பை இன்னும் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மூத்தவள் ஊசியில் நூலைக் கோத்தாள். புருஷன் குத்திக் காட்டியது பொய்யாக இருந்திருந்தால் அன்று அவருக்குச் சாப்பாடே கிடைத்திருக்காது.

வாசல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இருவருமே போனார்கள். ஒன்றாகவே போனார்கள். வழியெல்லாம் இளையவள், “உங்களுக்குத்தான் கிடைக்கும் அக்கா, நான் சும்மா வேடிக்கை பார்க்க வரேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதிகாரியம்மா இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார். குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது, கையில் காசில்லை. என்ன செய்வீர்கள்?

“உள்ளே விட்டுடுவேன்” என்றாள் மூத்தவள். யோசிக்கவேயில்லை.

இளையவள் சொன்னது அப்புறம்தான் தெரிந்தது. “விட மாட்டேங்க. இலவச நாள் எதுன்னு சொல்லி, குடிக்கத் தண்ணி குடுத்து அனுப்புவேன்.”

வேலை இளையவளுக்குக் கிடைத்தது. மூத்தவள் மனம் கோணக்கூடாது என்றோ என்னவோ, சீருடைகளைத் தைக்கும் வேலையை அதிகாரியம்மா அவளிடம் கொடுத்தார். கல்நெஞ்சுக்காரிக்கு நாற்காலி, இரக்கப்பட்டவளுக்கு ஊசி நூல் என்று மூத்தவள் மனசுக்குள் ஒரு கணக்கை முடித்து வைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கை அவள் வேறு யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் யாராவது கூட்டிப் பார்த்துவிடுவார்கள்.

டிரைவர் வந்துபோன மறுநாள் காலை அளவு கொடுக்க இளையவள் வந்தாள். ஈரத்தலையோடு வந்து, டேப் கழுத்தில் பட்டதுமே கூசிக்கொண்டு நெளிந்தாள்.

“ஆடாம நில்லு. ஆடினா அளவு தப்பும்.”

“கூசுது அக்கா! உங்க கை எப்பவும் இப்படிச் சில்லுனு இருக்குமா? மாமா எப்படித்தான் தாங்குறாரோ!”

“வாயை அளக்கச் சொல்லலை. மூச்சை விடு. வயித்தை எக்காதே.”

“எக்கலை. இவ்வளவுதான் வயிறு.”

உண்மையிலேயே அவ்வளவுதான் இருந்தது. மூத்தவள் டேப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். தன் இடுப்பு என்றைக்கு அந்த அளவில் இருந்தது என்று யோசித்தாள். ஒரு நாளும் இல்லை. கல்யாணத்தன்றும் இல்லை.

“அக்கா, அன்னிக்கு நீங்க உள்ளே விட்டுடுவேன்னு சொன்னீங்களாமே.”

“ஆமா. சொன்னேன். எனக்கு மனசு அப்படி.”

“நானும் அதைத்தான் சொல்ல நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். ஒரு குடும்பத்தை விட்டா, பின்னாடி நிக்கிறவர் ‘என்னை ஏன் விடலே’ன்னு கேப்பாரு. அவர் கையில காசு இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியைப் பார்த்துத்தானே முடிவு பண்ணணும்? மூஞ்சி பார்த்து ஒருத்தரை விட்டு, ஒருத்தரை நிறுத்தினா அது இரக்கமா?” அவள் தோளைக் குலுக்கினாள். “நீங்களே சொல்லுங்க, வாசலுக்கு உங்களுக்குப் பிடிக்காத மூஞ்சி ஒண்ணு வந்தா?”

மூத்தவளுக்குப் பிடிக்காத மூஞ்சி, டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே நின்று சிரித்தது.

“கையைத் தூக்கு” என்றாள் மூத்தவள்.

“லீவு நாள்ல நீங்க பாறைக்குப் போவீங்கல்ல? நீங்க வரப்ப, சீட்டை முதல்லயே கிழிச்சு ரெடியா வெச்சிருக்கேன். வரிசையில நிக்க வேண்டாம்.”

ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் அது மூத்தவளின் காதில் விழுந்தபோது வேறு ஏதோவாக இருந்தது. பாறைக்குப் போக இனி இவளிடம் கையை நீட்டவேண்டும். இவள் கிழித்துக் கொடுப்பாள். ‘போய்ட்டு வாங்க அக்கா’ என்று அனுப்பி வைப்பாள். காசு பெரிய விஷயமில்லை. இரண்டு பட்டன் கட்டினால் வந்துவிடும். அந்தக் கை, அந்தச் சிரிப்பு, அதைத் தாண்டித்தான் தண்ணீரில் காலை விடவேண்டும் என்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

சட்டையை வெட்டினாள். தைத்தாள். அவளை என்ன சொன்னாலும் கையைக் குறை சொல்ல முடியாது. பொறாமையோடு தைத்தாலும் தோள் கோணாது. காலர் கத்தி மாதிரி நின்றது.

அன்று பிற்பகல் புருஷன் பணிமனையிலிருந்து சீக்கிரம் வந்தார். மேசை மேல் கிடந்த சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதைப் போட்டுட்டு நம்ம சின்னவ உக்காந்தா ராணி மாதிரி இருப்பா, பாரு” என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

இத்தனை வருஷத்தில் அவர் தன்னை எதைப் போலவும் சொன்னதில்லை என்று மூத்தவளுக்குத் தோன்றியது. வயிற்றில் தொடங்கிய எரிச்சல் காது வரை ஏறியது. சட்டையை உள்புறமாகத் திருப்பினாள். கை தானாக வெட்டு மிச்சங்களில் ஒரு துண்டை எடுத்தது. அதே துணி, அதே நிறம். இடது பக்கத் தையலோடு தையலாக, விலாவுக்குக் கீழே, வெளியே ஒரு சுருக்கம் தெரியாமல் அந்தத் துண்டை வைத்து ஓட்டினாள். ஒரு கைக்குட்டை போகும் அளவுக்கு ஒரு பை. நாலு மடிப்பு மடித்தால் நோட்டும் போகும். மூலையில் ஊசியை நிறுத்தி, திருப்பி, கெட்டித் தையல் போட்டாள். சதிக்குத் தைத்த பைக்கும் அவளால் மூலையை அரைகுறையாக விட முடியவில்லை.

முதல் நாள் வேலை முடிந்து சட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் இளையவள் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினாலும் யார் நம்புவார்கள்? சிரிக்கிற வாய் அன்று என்ன செய்யும் என்று பார்க்கவேண்டும். நினைக்கும்போது மூத்தவளுக்குக் கால் கட்டைவிரல் வரை ஒரு குளிர்ச்சி இறங்கியது.

அடுத்த நாள் போட்டுப் பார்க்க இளையவள் வந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பட்டன் இன்னும் கட்டவில்லை என்பதால் முன்பக்கத்தைக் குண்டூசியால் பிடித்து வைத்திருந்தாள் மூத்தவள்.

சட்டை அவள் மேல் வார்த்தது போல் நின்றது. மூத்தவள் கண்ணை எடுத்துக்கொண்டு நூல்கண்டைத் தேடினாள்.

ஆனால் எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை. இளையவளின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின. துழாவின. வெளியே வந்தன. மேலே நெஞ்சுக்குப் போயின. அங்கேயும் ஒன்றுமில்லை. கடைசியில் எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கின.

“பாக்கெட் கிடையாதுன்னு சொன்னாங்க. போட்டுப் பார்த்தாத்தான் தெரியுது” என்று மெதுவாகச் சொன்னாள். “காவலருங்க சட்டையில நாலு இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்லை. இன்னும் நான் ஒரு சீட்டுக்கூட கிழிக்கலை. அதுக்குள்ள திருடுவேன்னு முடிவு பண்ணிட்டாங்க பாருங்க.” மூக்கை உறிஞ்சினாள். “கைக்குட்டையை எங்க வெச்சுக்கறது அக்கா? எனக்குத் தூசி ஆகாது. நாள் பூரா தும்முவேன்.”

சட்டையின் உள்பக்கம் விலாவில் ஏதோ உறுத்தியிருக்கவேண்டும். கையை உள்ளே விட்டாள். விரல்கள் பைக்குள் போய் நின்றன.

மூத்தவளின் கையிலிருந்த நூல்கண்டு கீழே விழுந்து ஜன்னல் வரை உருண்டது.

இளையவள் மெல்லத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. “அக்கா... எனக்காகவா வெச்சீங்க?”

மூத்தவள் நூல்கண்டை எடுக்க ஜன்னல் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

“நான் கேக்கவே இல்லையே! எனக்குத் தூசி ஆகாதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?” அவள் குண்டூசி குத்துவதையும் பார்க்காமல் மூத்தவளைக் கட்டிக்கொண்டாள். “நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் அக்கா. இந்த வேலை எனக்குக் கிடைச்சதுல உங்களுக்கு வயித்தெரிச்சல்னு உங்க கொழுந்தன்கிட்ட சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

ஈரமான மூக்கு மூத்தவளின் தோளில் பட்டது. அவள் அசையாமல் நின்றாள். ஓரகத்தி கட்டிக்கொண்டால் திருப்பிக் கட்டிக்கொள்வது எப்படி என்று அவள் கைகளுக்குத் தெரியவில்லை. தைக்கத் தெரிந்த கைகள் அவ்வளவுதான்.

“யாருக்கும் தெரியாது. வெளிய ஒண்ணும் தெரியலை” என்று இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.” சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் முழுக்க சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் புருஷனிடம், “அக்கா மாதிரி வருமா?” என்று சொல்வது கேட்டது. மூத்தவள் இந்தப் பக்கம் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். திட்டைக் கேட்டிருந்தால் தூங்கியிருப்பாள்.

மறுநாள் கடை விடுமுறை. காசு கேட்காத கடைசி விடுமுறை நாள். மூத்தவள் மலைக்குப் போனாள்.

வாசலில் புதிதாக ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி. யாரும் இல்லை. அவள் நின்று, ஜன்னல் வழியாக அந்த நாற்காலியை நன்றாகப் பார்த்தாள். சாதாரண மர நாற்காலி. ஒரு கைப்பிடியில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

ஓடையில் பாலம் இருந்த இடத்தில் இரண்டு கட்டைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வழக்கம்போலக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒரு வயதான கணவன் மனைவி தாவ முடியாமல் கரையிலேயே நின்றார்கள். அந்த மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போதும், இங்கேர்ந்தே தெரியுதே” என்றார். ஒன்றும் தெரியாது. அங்கிருந்து புதர்தான் தெரியும். இருவரும் திரும்பி நடந்தார்கள். இத்தனை நாள் வாசலில் யாரும் அவர்களை நிறுத்தியதில்லை. நிறுத்தியது ஓடைதான். இப்படி எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. அவளால் தாவ முடிந்தது, அதனால் யோசிக்கவில்லை.

பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். அந்த முதல் நாள் சாயங்காலத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சட்டையைத் திருப்புகிறார்கள். பை தெரிகிறது. இளையவள் விழிக்கிறாள். அதுவரை இனிப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் படம் அவள் போட்ட வழியில் போக மறுத்தது. இளையவள் அழவில்லை. “அக்கா எனக்குத் தூசி ஆகாதுன்னு வெச்சுக் குடுத்தாங்க” என்று அதிகாரியம்மாவிடம் சொல்கிறாள். அந்தப் பைத்தியக்காரி அதையும் நம்பிக்கொண்டே சொல்கிறாள். வேலை போன பிறகும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “பாவம் அக்கா, எனக்காக வெச்சாங்க” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை ஆயுசு முழுக்கக் கேட்கவேண்டும்.

நாற்காலியில் வேறு எவளோ உட்காருவாள். அப்போதும் அது மூத்தவள் இல்லை.

தண்ணீர் அன்று அவளுக்குக் குளிரவில்லை. சீக்கிரமே எழுந்து வீட்டுக்கு வந்தாள். மாலை வெளிச்சம் போவதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளேடின் முனையால் பையின் தையலைப் பிரித்தாள். மூலை மட்டும் வரமாட்டேன் என்றது. அவளுடைய கெட்டித் தையல். அதைப் பிரிக்க அவளுக்கே நேரம் பிடித்தது. நூலை எல்லாம் பிடுங்கிய பிறகும் துணியில் வரிசையாக ஊசித் துளைகள் நின்றன. தண்ணீர் தொட்டு நகத்தால் தேய்த்தாள். இஸ்திரி போட்டாள். பாதி மறைந்தது.

காலையில் இளையவள் சட்டை வாங்க வந்தாள். வந்ததும் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

“அந்தப் பாக்கெட் எங்கக்கா?”

“பிரிச்சிட்டேன். பாக்கெட் கூடாது. அங்க திருப்பிப் பார்ப்பாங்க.”

“அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு வெச்சீங்க?”

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற நெஞ்சு மூத்தவளுக்கு இல்லை. பட்டனை எடுத்துக் காஜாவில் நுழைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

இளையவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “புரியுது. திருப்பிப் பார்ப்பாங்கன்னு எங்கிட்ட யாரும் சொல்லலை, அது வெறும் சாக்கு. தைக்கும்போது நல்ல மனசு இருந்துச்சு. நான் போட்டு நின்னதைப் பார்த்ததும் அது போயிடுச்சு. அதானே?” குரல் உடைந்தது. “ஒரு கைக்குட்டை அக்கா. அது வைக்கிற இடம்கூட எனக்கு இருக்கக் கூடாதா? அவ்வளவு பொறாமையா?”

“நான் சொல்றதைக் கேளு...”

“நீங்களே கொண்டுவந்து ஆபீஸ்ல குடுத்துடுங்க. நான் அங்கேயே வாங்கிக்கறேன்.” கதவைச் சாத்தாமல் போனாள். எப்போதும் சாத்திவிட்டுப் போகிறவள்.

மூத்தவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெடுக்க நினைத்தபோது கட்டிக்கொண்டாள், காப்பாற்றினால் பொறாமைக்காரி என்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பு வந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் இருமல் வந்தது.

பிறகு வெட்டு மிச்சத்தில் ஒரு மெல்லிய பட்டையை எடுத்தாள். நீளவாக்கில் மடித்து ஓட்டி, சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு வளையம் செய்தாள். அதைச் சட்டைக்கு வெளியே, இடது இடுப்பில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். அதில் கைக்குட்டையின் நுனியை நுழைத்து இழுத்தால் தொங்கும். எடுத்துத் தும்மலாம், திரும்பச் செருகலாம். எதையும் ஒளித்து வைக்க முடியாது. வளையத்தின் இரண்டு காலிலும் கெட்டித் தையல் போட்டாள்.

வாசல் திறக்கும் நாள் காலை. வெளியே கார்களும் சைக்கிள்களும் வந்து நின்றிருந்தன. வரிசையில் பஸ் டிரைவரும் நின்றார், திட்டிக்கொண்டேதான். புது அறைக்குப் பக்கத்தில் அதிகாரியம்மா மேசை போட்டிருந்தார். மூத்தவள் மூட்டையை அவிழ்த்து வைத்தாள். இளையவள் அந்தப் பக்கம் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் சட்டைகளை அதிகாரியம்மா மேலாகப் பார்த்துவிட்டுத் தள்ளினார். வாசல் சட்டையை மட்டும் உள்புறமாகத் திருப்பினார். கையைக் காலரிலிருந்து தொடங்கித் தையல் ஓரமாகவே கொண்டுபோனார். இடது விலாவில் விரல் நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இங்க என்னமோ தைச்சுப் பிரிச்சிருக்கே. இது என்ன, பாக்கெட்டா?”

இளையவள் திரும்பினாள்.

“என் கை தப்புங்க” என்றாள் மூத்தவள். “காவலர் சட்டையாவே தைச்சுத் தைச்சு, கை அதே போக்குல போயிடுச்சு. பார்த்ததும் பிரிச்சிட்டேன்.”

“நல்லவேளை பிரிச்சீங்க. இது அப்படியே வந்திருந்தா இன்னிக்கு சாயங்காலமே இந்தப் பொண்ணை நான் அனுப்பியிருக்கணும். அடுத்த வேலைக்கும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்க.” வளையத்தைச் சுண்டிப் பார்த்தார். “இது?”

“கைக்குட்டைக்குங்க. வெளியதான் தொங்கும். அவளுக்குத் தூசி ஆகாது.”

அதிகாரியம்மா வளையத்துக்குள் விரலை விட்டு, மறுபக்கம் வெளியே வருவதைப் பார்த்தார். “சரி, இருக்கட்டும். எனக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும்” என்று சட்டையை மூத்தவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

இளையவள் மேசையைச் சுற்றி வந்தாள். அவள் பார்வை சட்டையின் மேல் இல்லை, மூத்தவளின் முகத்தில் இருந்தது. அந்தப் பையைப் பற்றி முதல் தடவையாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். எந்த வரிசையில் யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று மூத்தவளுக்குத் தெரியும். பிரித்ததிலிருந்து தொடங்கினால் நன்றியில் போய் நிற்கும். வைத்ததிலிருந்து தொடங்கினால் வேறு இடத்தில்.

“அக்கா” என்றாள் இளையவள்.

“பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. சீக்கிரம் போட்டுக்கோ” என்றாள் மூத்தவள். “நாற்காலியில இடது கைப்பிடியில ஒரு ஆணி இருக்கு. துணியை இழுக்கும். பார்த்து உக்காரு.”

மூத்தவள் தன் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, நுனியை வளையத்தில் நுழைத்து இழுத்துவிட்டாள். சுருக்கமில்லாமல் நின்றது. பார்க்கிறவர்களுக்கு அழகுக்கு வைத்தது போலத்தான் தெரியும். அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் லேசாக எரிந்தது.

காலரை ஒரு தடவை நீவிவிட்டு, சட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். இளையவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.